கூண்டு உடைப்பு விழா

அறுபத்து மூன்றாவது வயதில், போன மார்ச் மாதம், நான் முட்டை ஆனேன். அதற்கான உத்தரவு வாட்ஸ்அப்பில் வந்தது. "வாழ்த்துகள் முட்டை நாராயணஸ்வாமி! நாளை காலை ஐந்து மணிக்கு உங்கள் ஓட்டில் முதல் விரிசல் விழும்" என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து இல்லை, தேதி இல்லை, கோப்பு எண்ணும் இல்லை. அப்படிப்பட்ட காகிதத்தை நான் பஜ்ஜியில் எண்ணெய் ஒற்றுவதற்குக்கூட எடுத்தவன் இல்லை.

முப்பத்து நான்கு வருடம் ஹைதராபாத்தில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தேன். எல்லாம் விமானத்துக்குப் போகிற சாமான்கள். சப்ளை செய்கிறவர்கள் என்னை முன்னால் 'சார்' என்றும் பின்னால் 'ரிஜெக்ட் ஸ்வாமி' என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டும் சம்மதம். ஒரு திருகாணி சரியில்லை என்றால் மேலே போனவன் கீழே வந்துவிடுவான், அவ்வளவுதான் விஷயம். இப்படிப்பட்ட நான் எதற்காக முட்டை ஆனேன் என்றால், எல்லாம் என் பிள்ளை பத்ரியால்.

பத்ரிக்கும் மத்திய அரசு வேலைதான். பாதுகாப்புத் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் டெக்னிகல் ஆபீசர். போலாரத்தில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். நானும் என் மனைவி ரமாவும் அவனோடுதான் இருக்கிறோம். சொந்த வீடு ஏன் கட்டவில்லை என்று நீங்கள் கேட்க வேண்டாம். ரமா தினமும் கேட்கிறாள், அது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெசரட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பத்ரி சாதாரணமாகச் சொன்னான், "அப்பா, நான் ஜூன் மாசம் ரிசைன் பண்றேன்."

"ஏன்டா, எங்கயாவது ட்ரான்ஸ்ஃபர் போட்டுட்டானா?"

"இல்லப்பா. கூண்டை உடைக்கப் போறேன்."

"எந்தக் கூண்டை?"

"இந்தக் கூண்டைத்தான்" என்று கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். அந்த வட்டத்துக்குள் அவன் ஆபீஸ், குவார்ட்டர்ஸ், பெசரட்டு, நான், ரமா எல்லோரும் அடங்கினோம்.

"விட்டுட்டு என்ன பிசினஸ்டா பண்ணப் போறே?" என்றாள் ரமா.

"அது பருந்து லெவல்லதாம்மா சொல்லித் தருவா. நான் இப்போ குஞ்சு."

மாட்டுப்பெண் ஸ்ரேயா கொண்டாப்பூரில் ஒரு ஐ.டி. கம்பெனிக்குப் போய்வருகிறாள். அவளுக்கு அப்போது மூன்றாவது மாதம். "இட்ஸ் யுவர் சாய்ஸ், பத்ரி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சாத்திய சத்தத்தில் சாய்ஸ் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"உனக்கு அங்கே என்னடா குறை?" என்றேன்.

"எட்டு வருஷம் ஆச்சுப்பா. உடைஞ்ச நாற்காலியை மாத்தித் தாங்கோன்னு எழுதிக் குடுத்து பதினோரு மாசம் ஆச்சு. நாளைக்கு நான் வரலைன்னா யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது."

ஒரு மேஜை விசிறிக்காக இரண்டு வருடம் எழுதியவன் நான். பையன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. வேலையை விட்டால் வீட்டை விடவேண்டும், வரப்போகிற குழந்தைக்கு ஆஸ்பத்திரிச் சலுகை போய்விடும், இவனோ முட்டைக்கும் பருந்துக்கும் நடுவில் நிற்கிறான்.

ரமாதான் வழி சொன்னாள். "நீங்களும் அதுல போய்ச் சேருங்கோ. நீங்க பாத்து எந்தச் சாமான்தான் தேறியிருக்கு?"

சேர்ந்தேன். பத்ரி சேர்ந்திருந்த இந்த இயக்கத்தின் தலைவர் பெயர் தண்டர் தினேஷ். மல்லாபூரில் வளர்ந்த தமிழ்ப் பையன், அப்பா ரயில்வே பட்டறையில் இருந்தவர். இணையத்தில் தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றிலும் கர்ஜிப்பார். ஆறு லட்சம் பேர் கேட்கிறார்கள். சேருகிறவர்கள் முதலில் முட்டை, பிறகு குஞ்சு, கடைசியில் பருந்து. பருந்து ஆனவர்கள் ஜூன் மாதம் கூண்டு உடைப்பு விழாவில் மேடையேறி, ராஜினாமாக் கடிதத்தை உரக்க வாசித்து, தெர்மோகோல் கூண்டு ஒன்றைக் காலால் உதைத்து உடைத்துவிட்டுப் பறந்து போக வேண்டும். எங்கே என்பது சொல்லப்படவில்லை.

முதல் நாள் காலை ஐந்து மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். திரையில் நானூறு முட்டைகள். தினேஷ் வந்ததும் "டேக் ஆஃப்!" என்று கத்தினார். நாங்கள் எல்லோரும் "நோ லேண்டிங்!" என்று பதில் கத்த வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. இறங்காத விமானத்தை நான் வாழ்க்கையில் பாஸ் பண்ணியதே கிடையாது. அடுத்ததாக நூற்றெட்டு தடவை சிறகடிக்கச் சொன்னார்கள். காமிராவை அணைக்கக் கூடாதாம். நாற்பதாவது அடியில் வேலைக்கு வரும் நாகம்மா உள்ளே வந்து, என்னைப் பார்த்து, துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். "அம்மா, அய்யகாரிகி ஏமயிந்தம்மா?" ஐயாவுக்கு என்ன ஆயிற்று என்று தெலுங்கில் அலறினாள்.

"ஒண்ணுமில்ல, பிசினஸ் கத்துக்கறார்" என்றாள் ரமா. நாகம்மா அரை மணி நேரம் கூடத்தைப் பெருக்க வரவில்லை.

தினேஷின் உரை அன்று மிக உருக்கமாக இருந்தது. "நண்பர்களே! மாசச் சம்பளம் ஒரு போதை! முதல் தேதி ஆனா தானா வந்து அக்கவுண்ட்ல விழுந்துடும், அதான் அதோட ஆபத்து! இந்த ஆபத்து உங்க எதிரிக்குக்கூட வரக்கூடாது!" நானூறு முட்டைகளும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டன. எனக்கு அந்த ஆபத்து முப்பத்து நான்கு வருடம் தவறாமல் நேர்ந்திருக்கிறது. பென்ஷன் வடிவில் இன்னும் நேர்கிறது.

வகுப்பு முடிந்ததும் ஒரு கருத்துப் படிவம் வந்தது. மற்றவர்கள் 'சூப்பர் குருஜி' என்றும் 'தீ சார்' என்றும் எழுதி அனுப்பினார்கள். நான் எனக்குத் தெரிந்த முறையில் பரிசோதனை அறிக்கை எழுதினேன். பதினான்கு குறைகள். விற்பனை பற்றிய வகுப்பில் விற்கப்படும் பொருள் காட்டப்படவில்லை. வெற்றி பெற்றதாகச் சொல்லப்படும் மாணவர்களின் முகவரி இணைக்கப்படவில்லை. குருஜி சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும் ஹெலிகாப்டர், எங்கள் தொழிற்சாலை வாசலில் காட்சிக்கு வைத்திருக்கும் ஹெலிகாப்டர். அதற்கு இஞ்சின் கிடையாது, அடியில் சிமென்ட் மேடை, அதைப் பறக்க லாயக்கில்லை என்று எழுதிக் கழித்ததே நான்தான். 'மேற்கண்டவற்றுக்கு ஏழு நாளில் விளக்கம் தேவை' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

மறுநாள் காலை ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பெயர் மாதங்கி, அந்த இயக்கத்தில் மகிழ்ச்சி மேலாளர். ஆபீசில் அப்படி ஒரு பதவி இருந்திருந்தால் என் காலத்தில் அதைக் காலியாகவே வைத்திருப்பார்கள்.

"கங்கிராட்ஸ் சார்! நீங்க குஞ்சு ஆயிட்டீங்க!"

"நான் குறை எழுதியிருந்தேனேம்மா?"

"அதான் சார்! ஆயிரத்து நானூறு வார்த்தை! எங்க சிஸ்டத்துல இதுவரைக்கும் ரெக்கார்டு பதினெட்டு வார்த்தைதான். அதுவும் ஒருத்தர் தப்பா அவங்க வீட்டு மளிகை லிஸ்ட்டை அனுப்பிட்டாங்க. வார்த்தை கூடினா ஈடுபாடு கூடினதா கணக்கு சார்."

"யாராவது படிச்சேளா?"

"படிக்கிறது வேற டீம் சார்."

"அந்த டீமோட பேசலாமா?"

"இன்னும் ஆள் எடுக்கல சார்" என்றாள், மகிழ்ச்சியாக.

குஞ்சுகளுக்குக் குருஜியோடு பத்து நிமிடம் தனியாகப் பேச வாய்ப்பு உண்டு. நான் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் தினேஷ் வந்தார். நல்ல களையான முகம், கண்ணுக்குக் கீழே மட்டும் தூக்கமில்லாத கறுப்பு.

"நீங்க என்ன பிசினஸ் பண்றேள்?" என்று ஆரம்பித்தேன்.

"பிசினஸ் எப்படிப் பண்றதுன்னு சொல்லிக்குடுக்கிற பிசினஸ் பண்றேன் அங்கிள்."

"அதுக்கு முன்னாடி?"

"பிசினஸ் எப்படிப் பண்றதுன்னு ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டேன்."

"அவர் என்ன பிசினஸ்?"

"அவரும் சொல்லிக்குடுக்கிறவர்தான் அங்கிள். பெரிய ஆளு."

"உங்ககிட்ட கத்துண்டு போன பருந்தெல்லாம் இப்போ என்ன பண்றது?"

"எல்லாரும் ஜம்முனு இருக்காங்க. சொல்லிக்குடுக்கிறாங்க."

"அப்போ இதுல யார்தான் எதையாவது விக்கறா?"

தினேஷ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அங்கிள், பொருளை விக்கறதுங்கறதே பழைய காலத்துச் சிந்தனை. பொருள்னு ஒண்ணு இருந்தா அது கெட்டுப்போகும், உடையும், கஸ்டமர் திருப்பிக் கொண்டுவருவான். நம்மகிட்ட திருப்பிக் கொண்டுவர எதுவுமே இல்ல, பாருங்க! அதான் நம்ம பலம்!"

இதை நான் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு சப்ளையர் இவ்வளவு நேர்மையாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்று மாலை இரண்டாவது அறிக்கை அனுப்பினேன். முப்பத்தொரு குறைகள், இரண்டு இணைப்புகள், ஹெலிகாப்டரைக் கழித்த சான்றிதழின் நகல். மறுநாள் என்னைப் பருந்து ஆக்கிவிட்டார்கள்.

பத்ரி நாலு மாதம் காத்திருந்து அப்போதுதான் பருந்து ஆகியிருந்தான், நான் பத்தொன்பது நாளில் ஆகிவிட்டேன். அவனுக்குப் பொறாமை வரும், சண்டை போடுவான், அந்தச் சாக்கில் இதை விட்டொழிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். "பாத்தியாப்பா, அவரை இவ்ளோ திட்டி எழுதியிருக்கே. உன்னையும் ஏத்துண்டுட்டார். என்ன பெரிய மனசு!"

"அடேய், அவா படிக்கவே இல்லடா!"

"படிக்காமலே புரிஞ்சுண்டிருக்கார், பாரேன்!"

ரமா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களை அனுப்பினது சாமானை ரிஜெக்ட் பண்ண. நீங்க போய் ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்திட்டு வந்திருக்கேள்."

அதோடு நின்றதா? மாதங்கி மறுபடியும் கூப்பிட்டாள். நான் எழுதியதை யாரோ ஒருவர் தலைப்பு வரைக்கும் படித்துவிட்டாராம். எனக்கு 'சந்தேகச் சிகிச்சை நிபுணர்' என்ற பட்டம் கொடுத்து, சனிக்கிழமை காலை ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னாள். நல்லதாகப் போயிற்று, ஊரையே எச்சரித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஆயிரத்து நூறு பேர் வந்தார்கள். ஐம்பது நிமிடம் தொண்டை கிழியப் பேசினேன். இவரிடம் பொருள் இல்லை, ஹெலிகாப்டருக்கு இஞ்சின் இல்லை, வேலையை விடாதீர்கள், வீட்டில் பெண்டாட்டி சொல்வதைக் கேளுங்கள், யாராவது சிறகடிக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள் என்றேன்.

முடிந்ததும் திரை முழுவதும் நெருப்புப் படங்களாகப் பொரிந்தது. ஒருவர் விசும்பிக்கொண்டே, "சார், என் கண்ணைத் திறந்துட்டீங்க. யாரையும் நம்பாம இருக்கிறதுக்குத் தினமும் காலையில பண்ற மாதிரி ஏதாவது பயிற்சி இருக்கா?" என்றார். நாச்சாரத்திலிருந்து ஒரு அம்மாள், "உங்களை மட்டும் நூத்துக்கு நூறு நம்பறேன் சார், அடுத்த பேட்ச் எப்போ?" என்றாள். இன்னொருவர் என் படத்தைத் தன் செல்போன் முகப்பில் வைத்துக்கொண்டதாகச் சொன்னார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாமானை ரிஜெக்ட் செய்து, அது என் கண் முன்னாலேயே விற்றுத் தீர்ந்தது.

ஜூன் இரண்டாவது ஞாயிறு வந்தது. விழா கொண்டாப்பூரில் ஒரு ஹோட்டல் ஹாலில். நான் சிறப்பு விருந்தினர், என் பிள்ளை கூண்டு உடைக்கிறவன். அப்பா, பிள்ளை இரண்டு பருந்துகள் ஒரே மேடையில் என்று வாசலில் ஆளுயரப் படம் வைத்திருந்தார்கள். படத்தில் எனக்கு இறக்கை வரைந்திருந்தது, இடது இறக்கை வலது இறக்கையைவிட ஒரு ஜாண் சின்னது. ஸ்ரேயா முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ரமா அவள் பக்கத்தில். ஹாலில் எண்ணூறு பேர், மேடை நடுவில் தெர்மோகோல் கூண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன.

மாதங்கி எங்கள் இருவரையும் மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். பத்ரி பையிலிருந்து ராஜினாமாக் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"ஒரு தடவை பாத்துடுப்பா."

பார்த்தேன். ஏதாவது ஒரு தப்பு, ஒரு விடுபட்ட விதி எண், ஒரு தேதிக் குளறுபடி கிடைக்காதா, அதைச் சொல்லி இன்றைக்கு ஒரு நாளாவது தள்ளிப்போடலாமே என்று வரி வரியாகத் தேடினேன். ஒன்றுமில்லை. முழுசாக, சுத்தமாக, அழகாக எழுதியிருந்தான்.

"சரியாத்தான் இருக்கு" என்றேன். பொய் சொல்லத் தெரியாமல் போயிற்றே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. "பத்ரி, வேண்டாம்டா. எனக்குப் பயமா இருக்குடா" என்றும் சொல்லிவிட்டேன்.

அவன் பதில் சொல்வதற்குள் தினேஷ் உள்ளே வந்தார். வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மின்னல் படம் போட்ட கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். கோட்டுக்குள் இருந்த ஆள் இளைத்துப்போய் இருந்தார். பத்ரியின் கையிலிருந்த கடிதத்தையே பார்த்தார்.

"பத்ரி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கலாமா?" குரலில் இடியும் இல்லை, முழக்கமும் இல்லை.

"சொல்லுங்க குருஜி."

"நீங்க விட்டதும் உங்க போஸ்ட்டை வேகன்ஸின்னு காட்டுவாங்களா?"

"ஹவ், காட்டுவாங்க. கைக்கு?" ஹைதராபாத் பேச்சில் ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு.

"எழுத்துப் பரீட்சை உண்டா, இன்டர்வியூ மட்டுமா?"

"ரெண்டும் உண்டு."

"குவார்ட்டர்ஸ் சேந்த உடனே கிடைக்குமா? ரெண்டு ரூமா?"

"ரெண்டு ரூம். முன்னாடி கொஞ்சம் தோட்டம்கூட இருக்கு."

"மெடிக்கல்ல அம்மாவைச் சேத்துக்கலாம்ல? அவங்களுக்கு முட்டி வலி."

பத்ரி திருதிருவென்று விழித்தான். "யாருக்குக் கேக்கறீங்க குருஜி?"

தினேஷ் தன் பளபளக்கும் ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குத்தான்."

அவரே தொடர்ந்தார். "நானும் பி.டெக் பாஸ் பண்ணினவன் அங்கிள். ரெண்டு தடவை எழுதினேன், வரல. அப்புறம் இந்த லைன்ல இறங்கிட்டேன். ஆறு லட்சம் பேர் என்னை ஃபாலோ பண்றாங்க. பொண்ணு குடுக்கிறதுக்கு மட்டும் ஒருத்தர் இல்ல. நாலு இடம் பாத்தாங்க. எல்லா வீட்டுலயும் ஒரே கேள்விதான், பர்மனென்ட்டா? கடைசியாப் பாத்த பொண்ணோட அப்பா நம்ம பேட்ச்ல பருந்து. போன வருஷம் இதே மேடையில என் காலைத் தொட்டு, நீங்கதான் என் தெய்வம்னு அழுதாரு. அவர்கிட்டயே கேட்டேன். 'குருஜி வேற, மாப்பிள்ளை வேற'ன்னுட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். உடனே பாவமாகவும் இருந்தது. மல்லாபூரில் முட்டி வலியோடு ஒரு அம்மா, பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்காதா என்று உட்கார்ந்திருப்பாள்.

பத்ரி என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் மளமளவென்று எழுத ஆரம்பித்தான். எட்டிப் பார்த்தேன். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய புத்தகங்கள், எந்தப் பாடத்தில் எவ்வளவு கேள்வி வரும், அசோக்நகரில் எந்தக் கோச்சிங் சென்டர் தேவலாம், எல்லாம் வரிசையாக எழுதியிருந்தான்.

"ரீசனிங் ஈஸி. மேத்ஸ் மட்டும் தினம் ரெண்டு மணி நேரம் போடுங்க. எங்க டிபார்ட்மென்ட் இல்லாட்டி வேற எங்கயாவது வரும். நக்கோ, வேண்டாம்னு மட்டும் விட்டுடாதீங்க" என்று காகிதத்தை நீட்டினான்.

தினேஷ் அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தார். அப்போது வெளியிலிருந்து மாதங்கி கதவைத் தட்டினாள். "குருஜி, ஸ்டேஜ்! எண்ணூறு பேர் வெயிட்டிங்! முதல்ல பத்ரி சார் ரெஸிக்னேஷன்!" ஹாலில் எல்லோரும் சேர்ந்து "டேக் ஆஃப், நோ லேண்டிங்" என்று தரையில் காலைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

தினேஷ் அவசரமாகக் கோட்டை மாட்டினார். காகிதத்தை மடித்து உள்பையில் வைத்தார். கதவு வரை போனவர் திரும்பி வந்து பத்ரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பத்ரி, லெட்டரை வேற பேப்பர்லயாவது எழுதி இன்னிக்கே குடுத்துடுங்க, ப்ளீஸ். டிசம்பரோட எனக்கு ஏஜ் லிமிட் தாண்டிடும்."

பத்ரி பேனாவை மூடி என் பையில் திரும்பச் சொருகினான். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

"ஸாரி தினேஷ். அந்தப் போஸ்ட்ல ஆள் இருக்கு."